சுவர் ஏறாத பல்லி

இத்தாலியின் பலெர்மோவில் பல்லிக்குப் பஞ்சமில்லை. வெயில் காலத்தில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருந்த எங்கள் அறைச் சுவரில் முள்ளு முதுகுப் பல்லிகள் விளக்கைச் சுற்றிக் காவல் இருக்கும். ஆனால் ஒன்றுக்கும் வாய் இல்லை. வந்த புதிதில் அதை நான் பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கதை கதைக்கும்போது சுவரில் பல்லி சொன்னால் அந்தக் கதை உண்மை. உடனே விரலை மடக்கி நிலத்திலோ கதவிலோ மூன்று தரம் தட்டுவோம். தட்டினால்தான் பல்லியின் சொல் நமக்கென்று ஆகும். இங்கே எதைச் சொன்னாலும் அதுகள் பேசாமல் இருந்தன. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ, நாட்டில் இருக்கிற அனுமதி, தருவார்கள் என்றேன், சத்தமில்லை. தண்ணீர் ஒழுகாத அறை கிடைக்கும் என்றேன், சத்தமில்லை.

"அதுகளுக்கும் பெர்மெஸ்ஸோ இல்லைப்போலை. வாய் திறக்கப் பயப்பிடுதுகள்," என்று என் மனுசன் பகிடி விட்டார். அவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்காத வேலை. வீட்டுக்கு வந்தால் பகிடியாகக் கொட்டுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், வெயில் இறங்கிய ஒரு மாதத்தில், எனக்குப் பகேரியாவில் ஒரு வீட்டு வேலை கிடைத்தது. காலையில் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயில் ஏறினால் கடலைப் பார்த்தபடி போய் இறங்கலாம். வீட்டுக்காரியைச் சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிடுவேன்; புருசனை இழந்தவர். நல்ல மனம், ஓயாத வாய். முதல் நாள் குசினி, குளியலறை, உடுப்பு மினுக்கும் மேசை எல்லாம் காட்டிக்கொண்டு வந்தவர், கோடி அறைக்கு முன்னால் வந்ததும் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே போகவில்லை. மகனைக் கூப்பிட்டு, இதை நீயே காட்டு என்று சொல்லிவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

மகன் ஒல்லியான பெடியன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஆயத்தமாக இருந்தான். அந்த ஊரில் என்னை 'சிஞ்ஞோரா' என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவன்தான். அறையில் மூன்று கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. மீன் இருக்கும் என்று எட்டிப் பார்த்தால் மணல்தான் இருந்தது. அவன் மணலில் கிடந்த ஓட்டுத் துண்டைத் தூக்கினான். அடியில் பல்லி.

"ஐயோ சிவனே," என்று பின்னால் போய்க் கதவில் முட்டிக்கொண்டேன். இப்படி ஒரு பல்லியை நான் கண்டதில்லை. தலை பெரிசு, கண் அதைவிடப் பெரிசு, உடம்பு முழுக்க மீனுக்குப் போல செதில், நிறம் மணலின் நிறம். விரலில் ஒட்டுத் தன்மை இல்லாததால் அது சுவர் ஏறாதாம். மணலில்தான் நடக்குமாம், மணலுக்குள் வளை தோண்டித்தான் படுக்குமாம். எங்கேயோ மத்திய ஆசியப் பாலைவனத்துப் பிறவி. இதை வளர்ப்பவர்களே குறைவு, குஞ்சு எடுத்தவர்கள் அதைவிடக் குறைவு என்று அவன் பெருமையாகச் சொன்னான். அவனிடம் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இருந்தன. மூன்றாவது தொட்டி பிறக்கப்போகும் குஞ்சுகளுக்காம். வெறும் மணலோடு கிடந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனுசனிடம் சொன்னேன்: "ஊரிலை பல்லியைத் தும்புத்தடியாலை கலைச்சனான். இஞ்சை வந்து பல்லிக்குச் சாப்பாடு தீத்தப்போறன். என்ரை தலையெழுத்தைப் பாத்தீங்களே."

போவதற்கு முன் அந்தப் பெடியன் எனக்கு எல்லாவற்றையும் பழக்கினான். மேல் மணல் காய்ந்திருக்க வேண்டும், அடி மணல் ஈரமாக இருக்க வேண்டும். பாலைவனத்திலும் அப்படித்தானாம். அதற்காகத் தொட்டியின் மூலையில் ஒரு குழாயை நட்டிருந்தான். தண்ணீரை அதற்குள் விட்டால் மேல் நனையாமல் அடிக்குப் போய்விடும். ஒரு பக்கம் விளக்கின் சூடு, மற்றப் பக்கம் குளிர். வேண்டிய பக்கம் பல்லி போகும். சாப்பாடு, ஒரு பெட்டிக்குள் துள்ளிக்கொண்டிருந்த சின்ன வெட்டுக்கிளிகள். கத்தரிக்காய்க்கு உப்பும் மஞ்சளும் பிரட்டுகிற மாதிரி அதுகளை வெள்ளைக் கல்சியம் தூளில் பிரட்டிப் போட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், பல்லியைக் கையால் பிடிக்கக் கூடாது. அதன் தோல் ஈரக் கடதாசி மாதிரி, பிடித்தால் கிழிந்துவிடும்.

அவன் போன கிழமையே நான் வெட்டுக்கிளிப் பெட்டியின் மூடியைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டேன். சிஞ்ஞோராவின் கட்டிலுக்குக் கீழே ஒன்று இருந்து விடிய விடியப் பாடியதாம். மனுசி விளக்குமாறோடு ஒரு நாள் முழுக்க அதைத் தேடினார். ஏச்சு விழும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு பேரும் கட்டிலுக்குக் கீழே தலையை விட்டபடி சிரித்தோம்.

அந்த வீட்டில் எனக்கு மிகவும் வேண்டியது தொலைபேசி. அது பல்லி அறைக்கு வெளியில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் அறையில் தொலைபேசி இல்லை. சிஞ்ஞோராவிடம் கேட்டேன். இதற்கு ஏன் கேட்கிறாய், இலக்கத்தைக் கொடு என்றார். கொடுத்தேன், தம்பிக்கு.

எனக்குச் சகோதரம் அவன் ஒருவன்தான். நான் பெரிய பிள்ளையான பிறகு பிறந்தவன். அம்மா தோட்டத்துக்குப் போக, இடுப்பில் வைத்து வளர்த்தது நான். அவன் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில், வெளிநாட்டுக்குக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கூப்பிடுவான் என்று காத்துக்கொண்டிருந்தான். ஊரில் இருக்க முடியாது. கொழும்பில் சுற்றிவளைப்பு. தமிழ்ப் பெடியன் என்றால் விடியப்புறம் கதவைத் தட்டிப் பிடித்துக்கொண்டு போவார்கள். அம்மா ஊரில் தனியாக இருந்துகொண்டு, அவனை என்னிடம் சேர்த்துவிட்டால் போதும் என்று நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த வருசம் வேறு வேண்டுதல் இல்லை. தம்பி வந்து சேர வேண்டும்.

குளிர் தொடங்கிய நேரம் ஒரு நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. சிஞ்ஞோரா எடுத்து "ப்ரொந்தோ, ப்ரொந்தோ" என்று கத்திவிட்டு என்னிடம் நீட்டினார். தம்பி துருக்கியில் இருந்து கதைத்தான். வயரில் காற்றுச் சத்தம்.

"அக்கா, கப்பலிலை ஏத்தப்போறாங்களாம். பொங்கலுக்கு உங்கடை வீட்டிலைதான்."

"குளிர் உடுப்பு இருக்கே ராசா?"

"ஓம் அக்கா. எனக்குப் பயமில்லை."

வந்தால் என்ன வேண்டும் என்று கேட்டேன். நண்டுக் கறி என்றான். பல்லரோவில் நல்ல நண்டு வரும், உடைத்துப் போட்டு முருங்கையிலை இல்லாமல் எப்படி வைக்கிறேன் பார் என்று நான் அளந்துகொண்டு போனேன். அவன் சிரித்தான். "எனக்குப் பயமில்லை அக்கா," என்று திரும்பவும் சொன்னான். அதோடு தொலைபேசிக் கார்ட் முடிந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்லி அறைக்குள் போனேன். பெண்பல்லிக்குச் சாப்பாடு போடுகிற நேரம். மூடியைத் திறந்து ஓட்டுத் துண்டைத் தூக்கினேன். நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. கதைக்கத் தமிழாள் வேறு இல்லை. அதனிடமே சொன்னேன்: "தம்பி வாறான்."

பல்லி சொன்னது.

ஊர்ப் பல்லி மாதிரி இச் இச் என்று இல்லை. காய்ந்த பனையோலையை உரசின மாதிரி ஒரு சத்தம். இருந்தாலென்ன, வெளிநாட்டுப் பல்லிக்கு வெளிநாட்டுப் பாசை. பலெர்மோவுக்கு வந்த நாளில் இருந்து நான் கேட்கக் காத்திருந்த சொல். விரலை மடக்கிக் கண்ணாடியில் மூன்று தரம் தட்டினேன். தட்டத் தட்டத் திரும்பவும் சொன்னது! ஊரில் ஒரு பல்லியும் இரண்டாம் தரம் சொல்லி நான் கேட்டதில்லை. நான் சிரித்த சத்தத்துக்குச் சிஞ்ஞோரா ஓடி வந்து வாசலில் நின்று என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் கழுத்துச் சிலுவையைத் தொட்டு முத்தமிட்டு, நல்லது நல்லது என்றார். அவர்களும் எங்களைப் போலத்தான். கறுப்புப் பூனையைக் கண்டால் தெரு மாறிப் போகிற சனம்.

பிறகு குளிர் இறுகியது. ஜெர்மனியில் இருந்து மகன் தொலைபேசியில் தாயோடு கதைத்து முடிந்ததும் என்னைக் கூப்பிடுவான். விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிப்பாட்டச் சொன்னான். சாப்பாட்டையும் நிப்பாட்டச் சொன்னான். இரண்டு பல்லிகளும் மணலுக்குள் இறங்கி நித்திரை கொள்ளும், குளிரில் படுத்து எழும்பினால்தான் வசந்தத்தில் முட்டை வைக்கும் என்றான். அதேமாதிரி ஒரு நாள் இரண்டும் காணாமல் போயின. மேலே மணல் மட்டமாக, ஒரு அடையாளமும் இல்லாமல் கிடந்தது. இடைக்கிடை குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் விடுவது மட்டும்தான் வேலை.

தொலைபேசியும் நித்திரை கொண்டது. அடித்தால் ஜெர்மனி, இல்லையென்றால் சிஞ்ஞோராவின் தங்கச்சி. ஒவ்வொரு தரமும் நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவேன். சிஞ்ஞோரா தலையை ஆட்டுவார், இல்லை என்று. பொங்கலன்று காஸ் அடுப்பில் பானை வைத்துப் பொங்கினோம். மூன்றாவதாக ஒரு கோப்பையிலும் போட்டு மூடி வைத்தேன். மாலையில் மனுசன் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து அறைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

பல்லரோவில் கதை அடிபடத் தொடங்கியது. கிரேக்கத்தில் பிடிபட்டு மறியலில் இருக்கிறார்கள் என்றார்கள். ஏஜென்சிக்காரன் ஏமாற்றித் திரும்பத் துருக்கியிலேயே இறக்கிவிட்டான் என்றார்கள். வேறு ஒரு கதையும் இருந்தது. அதை என் முன்னால் யாரும் கதைக்கவில்லை. நான் கடைக்குள் போனால் பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தக் குளிர்காலம் எங்கள் சனத்தில் பலர் மீன் வாங்குவதை விட்டுவிட்டார்கள். ஏனென்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

மனுசன் வேலை முடிந்து ஒவ்வொரு இடமாக அலைந்தார். ஏஜென்சியின் ஆள் இருந்த அறை பூட்டிக் கிடந்தது. மன்னார்ச் சனம் கூடுகிற கோயிலில் பாதருக்குத் தெரிந்தவர்கள் மூலமாக விசாரித்தார். ஒரு நாள் வந்து என் பக்கத்தில் இருந்தார். அந்த நாட்களில் வந்து சேர வேண்டிய ஒரு கப்பலில் இருந்து ஒருவரும் வந்து சேரவில்லையாம். நான் எழும்பிப் போய் வெங்காயம் வெட்டினேன். ஒரு கப்பலா கடலில் ஓடுகிறது, இது வேறு கப்பல் என்று வெங்காயத்துக்குச் சொன்னேன்.

பகேரியாவில் எலுமிச்சை பூத்த நேரம் மகன் சொன்னபடி விளக்கைத் திரும்பப் போட்டேன். சில நாளில் மணல் பிளந்து முதலில் பெண்பல்லியின் தலை வந்தது. மெலிந்து, முகமெல்லாம் மண். வெட்டுக்கிளிகூடப் போடவில்லை, முதலில் கேட்டேன்: "தம்பி இருக்கிறானே?"

சத்தம் இல்லை. பக்கத்தில் கிடந்த ஓட்டுத் துண்டைத் தூக்கிவிட்டு, கண்ணாடியில் தட்டித் திரும்பவும் கேட்டேன். சொன்னது. தட்டினேன். திரும்பவும் சொன்னது. தொட்டிக்குப் பக்கத்திலேயே நிலத்தில் இருந்து அழுதேன். கொழும்பில் இருந்த ஒரு மாமி மூலமாக அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன்: யோசிக்க வேண்டாம், பல்லி சொல்லுது, இருக்கிறான். அம்மா அதை நம்பி, வைரவருக்கு வடைமாலை நேர்ந்தாராம்.

அன்றில் இருந்து ஒவ்வொரு நாளும் கேட்டேன். தம்பி எப்படி இருக்கிறான். தம்பி இப்போது எங்கே. தம்பிக்குச் சுகமா. தட்டினால் ஒரு நாளும் சொல்லாமல் விட்டதில்லை. அதைக் கேட்காமல் என்னால் அந்த வீட்டை விட்டு ரயிலுக்குப் போக முடியவில்லை.

அதற்கிடையில் ஆண்பல்லியை எடுத்துப் பெண்ணின் தொட்டிக்குள் விட வேண்டிய காலம் வந்தது. கையால் தொடாமல் ஒரு டப்பாவுக்குள் ஏறவைத்து இறக்கினேன். சற்று நேரத்தில் அது பெண்ணின் கழுத்தைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. கொல்லப்போகிறது என்று நான் ஓடிப்போய் சிஞ்ஞோராவை ஜெர்மனிக்குத் தொலைபேசி அடிக்கவைத்தேன். அந்தப் பக்கத்தில் பெடியன் விழுந்து விழுந்து சிரித்தான். விட்டுவிடுங்கள் சிஞ்ஞோரா, அதுதான் கலியாணம் என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாய்க்காரி அதை அண்டை அயலுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

சில கிழமைக்குப் பிறகு மணலுக்குள் இரண்டு முட்டை. வெள்ளை வெளேரென்று, மாபிள் மாதிரிக் கடினமாக. உடனே மகனோடு கதைத்தோம். கரண்டியால் எடு, ஆனால் கிடந்த பக்கத்தை மாற்றாதே, மேல் பக்கத்தில் பென்சிலால் ஒரு அடையாளம் வை என்றான். கோழி தன் முட்டையை ஒரு நாளில் எத்தனை தரம் புரட்டும், இதை ஏன் புரட்டக் கூடாது என்று நான் கேட்டேன். பல்லிக் கரு முட்டைக்குள் மேல் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், புரட்டினால் உள்ளேயே மூழ்கிச் செத்துவிடும் என்றான். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பென்சில் கேட்டதும் சிஞ்ஞோரா தன் புருவப் பென்சிலைத் தூக்கிக்கொண்டு முதல் தடவையாக அந்த அறைக்குள்ளே வந்துவிட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முட்டைக்கும் கறுப்புப் பொட்டு வைத்தேன். பிறந்த பிள்ளைக்குக் கண்ணூறு படாமல் வைக்கிற பொட்டு மாதிரியே இருந்தது. ஒரு பிஸ்கட் டின்னில் மணல் போட்டு, பொட்டு மேலே பார்க்க வைத்து, விளக்கின் இளஞ்சூட்டில் வைத்தோம்.

ஆடி பிறந்தது. ஆடி அமாவாசைக்கு என் மனுசன் தகப்பனுக்கு விரதம் இருப்பவர். எங்கே இருந்தாலும் கடலில் இறங்கி எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அந்த முறை அவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"அப்பாவுக்குச் செய்யேக்கை, அவனுக்கும் ஒரு பிடி எள்ளு விடுவமோ எண்டு யோசிக்கிறன். நீரும் யோசியும்."

"வாயைக் கழுவுங்கோ," என்றேன். "உயிரோடை இருக்கிறவனுக்கு எள்ளுத் தண்ணி இறைக்க வாறீங்களோ? பல்லி நாளும் பொழுதும் சொல்லுது."

"ஊருக்குச் சாத்திரம் சொல்லுற பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானைக்குள்ளை விழுமாம்."

பகிடியாகச் சொல்லவில்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. நான் கையில் இருந்த சட்டி மூடியைச் சுவரில் எறிந்தேன். முள்ளு முதுகுப் பல்லிகள் நாலு பக்கமும் ஓடின. செய்யாமல் விட்டால் அவன் தாகத்தோடு அலைவானே என்பதுதான் அவர் கவலை. செய்தால் அவனை நானே கொன்றதாக ஆகும் என்பது என் கவலை. இரண்டு பேரும் இரண்டு நாள் கதைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சிஞ்ஞோராவின் மகன் லீவில் வந்து இறங்கினான். முட்டைகளை லைட் பிடித்துப் பார்த்தான். ஒன்று பழுது, மற்றது நல்லபடி இருக்கிறது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். மாலையில் நான் வழக்கம்போல வெட்டுக்கிளியைத் தூளில் பிரட்டிக்கொண்டு போனேன். அவன் கதிரையில் இருந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னாலேயே ஓட்டுத் துண்டைத் தூக்கி, தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டு, கண்ணாடியில் தட்டினேன். பல்லி சொன்னது.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். நான் பெருமையோடு முழுவதையும் சொன்னேன். ஊரில் பல்லி சொல்வது, தட்டுவது, தம்பி, கப்பல், இது ஒவ்வொரு நாளும் சொல்கிற பதில், எல்லாம். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தாயின் பக்கம் பார்த்தான். வாசலில் நின்ற சிஞ்ஞோரா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு எழும்பி வந்து தன் விரலைப் பல்லிக்குக் கிட்டக் கொண்டுபோனான். வாலைப் பார்க்கச் சொன்னான். பல்லி கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கியது. வால் பாம்பு மாதிரி மெல்ல நெளிந்தது. வாலின் மேல் இருந்த பெரிய செதில்கள் ஒன்றோடு ஒன்று உரசின. பனையோலைச் சத்தம் அதில் இருந்துதான் வந்தது. வாய் இறுக மூடியிருந்தது. இத்தனை மாதமும் நான் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டிருந்தேன். வாலைப் பார்க்கவில்லை.

"ஆ பவூரா, சிஞ்ஞோரா," என்றான் மெதுவாக.

பவூரா என்றால் பயம். இத்தாலிக்கு வந்து முதல் கிழமையே குவெஸ்தூரா வரிசையில் நான் படித்த சொல் அது. தன்னைப் பிடிக்கப் பெரிய மிருகம் வந்தால் அது அப்படி வாலை உரசுமாம். மூடி திறந்தால் உரசும், ஓட்டுத் துண்டைத் தூக்கினால் உரசும். கண்ணாடியைத் தட்டினால் இன்னும் கூட உரசும் என்று சொல்லிவிட்டு, மன்னியுங்கள் என்றான்.

நான் குசினிக்குப் போய்க் கழுவி வைத்திருந்த கோப்பைகளை எல்லாம் எடுத்துத் திரும்பவும் கழுவினேன். சிஞ்ஞோரா வந்து தண்ணீரைப் பூட்டிவிட்டு, கொஞ்ச நேரம் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ரயிலில் கடல் பக்கம் இருக்காமல் மற்றப் பக்கம் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனுசனிடம், "எள்ளு வாங்கி வையுங்கோ," என்றேன். அவர் எழும்பி வந்து என் தலையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நான் வாய் விட்டு அழுதேன்.

அமாவாசையன்று விடியவே பகேரியாவுக்குக் கீழே உள்ள கரைக்குப் போனோம். ஐயர் இல்லை. வாழைப்பழமும் எள்ளும் ஒரு செம்பும் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் இத்தாலியச் சனம் குடையோடும் பிள்ளைகளோடும் வந்து நிறைந்துவிடும் இடம். மனுசன் இடுப்பளவு தண்ணீரில் நின்று தகப்பனுக்கு இறைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பேரை நீர் சொல்லும்," என்றார்.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். பேரைச் சொன்னேன். அவனை நித்திரையால் எழுப்புகிற மாதிரித்தான் சத்தம் வந்தது. எள்ளு கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதந்து என் சேலையில் ஒட்டிக்கொண்டது. கரைக்கு வந்து தலை துவட்டும்போதுதான் எனக்கு அது உறைத்தது. தம்பி எப்படி இருக்கிறான் என்று அத்தனை நாள் கேட்டேன். பல்லி ஒரே பதிலைத்தான் சொன்னது: பயம். அது பொய் சொல்லவில்லை. பயமில்லை என்று சொன்னவன் அவன்தான். நான் அவனிடம் பயமா என்று கேட்கவேயில்லை. தானாகவே சொன்னான், இரண்டு தரம்.

வீட்டுக்கு வந்து பாகற்காய்க் கறியோடு விரதம் முடித்தோம். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மனுசன்தான் அந்தக் கொழும்பு மாமியோடு கதைத்தார். வடைமாலை சாத்தியாகிவிட்டதாம்.

மகன் ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பொட்டு வைத்த முட்டைகளில் ஒன்று உள்வாங்கிக் கறுத்துக் கிடந்தது. மற்றது உடைந்து, பக்கத்தில் ஒரு குஞ்சு நின்றது. உடம்பைவிடத் தலை பெரிசு, தலையைவிடக் கண் பெரிசு. சிஞ்ஞோரா தொலைபேசிக்கு ஓடினார். நான் டின்னோடு கொண்டுபோய் மூன்றாவது தொட்டியின் மணலில் சரித்தேன். அது இரண்டு அடி வைத்து, நின்று, என்னைப் பார்த்தது. வால் மெல்ல நெளியத் தொடங்கியது. பிறந்த உடனே அதற்குத் தெரிந்திருக்கிறது.

பழக்க தோசத்தில் என் விரல் தட்டுவதற்கு மடங்கியது. விரித்துக்கொண்டேன்.

"பயப்பிடாதை ராசா," என்றேன். "அக்கா இருக்கிறன்."

அன்றைக்குத் தொலைபேசியில் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். நான் நண்டுக் கறியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.